ரஜினி என்ன ராசி?

ரஜினிகாந்த் பிறந்தது 1950 டிசம்பர் 12, பெங்களூரில். அவர் என்ன ராசி என்று மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வரும். கைபேசியும் கையுமாக இருக்கும் கல்லூரி மாணவி, “டிசம்பர் 12-னா சாஜிட்டேரியஸ்... அதாங்க, தனுசு” என்பார். தமிழ் மாதத்தை விரல்விட்டு எண்ணும் தாத்தா, “கார்த்திகை மாசம் பொறந்தவரு. சூரியன் விருச்சிகத்துல இருந்திருக்கும்” என்பார். ஜோதிடர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அன்றைக்குச் சந்திரன் எங்கே நின்றது என்று பார்ப்பார். அவர் சொல்லும் பதில் மகரம்.

மூன்றும் அந்தந்தக் கணக்கில் சரி.

குணத்துக்கு வந்தால் வேடிக்கை கூடுகிறது. தனுசு ராசிக்காரர் ஓரிடத்தில் தங்க மாட்டார், தத்துவத்தில் நாட்டம் உள்ளவர் என்பது பொதுப்பேச்சு. படம் முடிந்ததும் இமயமலைக்குக் கிளம்பிவிடுகிறவருக்கு இது கச்சிதம். விருச்சிகக்காரர் மனதில் இருப்பதைக் கடைசி வரை வெளியே விட மாட்டாராம். அரசியலுக்கு வருவாரா, மாட்டாரா என்று 1996-லிருந்து கால் நூற்றாண்டு தமிழ்நாட்டைக் காத்திருக்க வைத்தவருக்கு இதுவும் கச்சிதம். மகர ராசி என்றால் அடிமட்டத்தில் தொடங்கி, அலட்டிக்கொள்ளாமல் உழைத்து, உச்சிக்குப் போகிறவர். பேருந்து நடத்துநராக இருந்து உச்ச நட்சத்திரமானவருக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்?

ஒரே மனிதருக்கு மூன்று ராசி, மூன்றும் பொருந்துகின்றன. எந்தச் சட்டையைப் போட்டாலும் அளவு சரியாக இருக்கிறது என்றால், சட்டை எப்படித் தைக்கப்பட்டது என்று ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டேகால் நாளும் ஒரு மாதமும்

தமிழ்நாட்டில் தன் ராசி தெரியாதவர் அபூர்வம். ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கும் தெரிந்திருக்கும். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பதே பேர், நட்சத்திரம், ராசி என்றுதானே! இந்த ராசியைச் சொல்லப் பிறந்த தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சந்திரன் ஒரு ராசியைக் கடப்பதற்கு ஏறக்குறைய இரண்டேகால் நாள்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரே பிரசவ வார்டில் திங்கட்கிழமை பிறந்த குழந்தையும் வெள்ளிக்கிழமை பிறந்த குழந்தையும் வேறு வேறு ராசி. மேற்கத்தியருக்குச் சூரியன்தான் கணக்கு. அது ஒரு ராசியில் ஒரு மாதம் தங்கும். அந்த முறையில் அந்த வார்டின் குழந்தைகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே ராசிதான்.

சூரியனை வைத்துப் பார்த்தபோதே ரஜினிக்கு இரண்டு விடை வந்ததற்குக் காரணம் வேறு. மேற்கத்தியர் பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21 வாக்கில் மேஷத்தைத் தொடங்குகிறார்கள். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடையாளமாக வைத்துத் தொடங்குகிறது. சூரியன் மேஷத்தில் நுழைந்தால் சித்திரை பிறக்கும், அதாவது ஏப்ரல் 14. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இரண்டு தொடக்கமும் ஒன்றாகவே இருந்தன. பூமியின் அச்சு, தன் சாய்வு மாறாமல் மெல்ல ஒரு வட்டம் போடுகிறது. ஒரு முழு வட்டத்துக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு ஆகும். அதனால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் இடைவெளி விழுந்து, இன்று 24 பாகை ஆகிவிட்டது. ஜோதிடர்கள் அயனாம்சம் என்று சொல்வது இதைத்தான். 1952-ல் இயற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையில் அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இந்தக் கணக்கையும் ஆராய்ந்தது. அந்தக் குழுவின் செயலாளராக இருந்த என்.சி. லாஹிரியின் பெயர்தான் இன்று ஜாதகம் போடும் மென்பொருள்களில் ‘லாஹிரி அயனாம்சம்’ என்று நிற்கிறது.

ஆக, ஏப்ரல் 5-ம் தேதி பிறந்தவர் மேற்கத்திய முறையில் கோபக்கார மேஷம். நம் சூரியக் கணக்கில் கனவு காணும் மீனம். சந்திரனைக் கேட்டால் அவர் பன்னிரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசியான லக்னத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் சிக்கல். அது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மாறுவது.

ஆட்டுக்கு முன்னால் ஒரு கூலியாள்

சூரியன் ஓராண்டில் சுற்றிவருவதாகத் தெரியும் பாதையைத் துண்டுக்கு 30 பாகையாகப் பன்னிரண்டு சம துண்டு போட்டவர்கள் பாபிலோனியர்கள். கி.மு. 5-ம் நூற்றாண்டில் இந்தக் கணக்கு அங்கே புழக்கத்துக்கு வந்துவிட்டது. நாம் மேஷம் என்று சொல்லும் இடத்தில் அவர்கள் ஆட்டைப் பார்க்கவில்லை. வயலில் வேலை செய்யும் ஒரு கூலியாளைப் பார்த்தார்கள். ஆடு பிறகுதான் வந்தது.

இது சின்ன விஷயமில்லை. மேஷ ராசிக்காரர் முட்டிக்கொண்டு நிற்பார், யோசிக்காமல் பாய்வார் என்று சொல்வதெல்லாம் ஆட்டின் கொம்பைப் பார்த்துச் சொன்னது. அந்தக் கூலியாளே நிலைத்திருந்தால், விடியலில் எழுந்து, சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பவர்கள் என்றல்லவா மேஷக்காரர்கள் பெயர் வாங்கியிருப்பார்கள்! துலாமின் கதையும் இப்படித்தான். பழைய கிரேக்கர்களுக்கு அந்த இடத்தில் தராசு தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் தேளின் கொடுக்குகளாகவே அதை எண்ணினார்கள். தராசு வந்த பிறகு நியாயம், நடுநிலை, முடிவெடுக்கத் தயக்கம் எல்லாம் வந்து சேர்ந்தன.

கிரேக்க வழியில் வந்த இந்தப் படங்களை இந்தியா தன் கையால் மறுபடி வரைந்தது. 6-ம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் ஜாதகத்தில் மிதுனம் இரட்டைச் சகோதரர்கள் அல்ல, ஓர் ஆணும் பெண்ணும். அவன் கையில் கதை, அவள் கையில் வீணை. கன்னி, பயிரும் நெருப்பும் ஏந்தி ஓடத்தில் வருகிறாள். சந்திரன் இன்ன ராசியில் இருக்கப் பிறந்தவரின் இயல்பு இன்னது என்று சொல்லும் பகுதியும் அந்த நூலில் இருக்கிறது. ஆகவே ராசிக்குக் குணம் சொல்வது வாரப் பத்திரிகையோடு வந்த பழக்கம் இல்லை. ஏறத்தாழ 1,500 வயதாகிறது அதற்கு.

தமிழில் அதற்கும் முந்தைய தடம் உண்டு. நக்கீரரின் நெடுநல்வாடையில், போருக்குப் போன பாண்டியனை எண்ணித் தூங்காமல் கிடக்கிறாள் அரசி. கட்டிலுக்கு மேலே விதானத்தில் ஓவியம். ஆட்டை முதலாகக் கொண்ட ராசிகளின் ஊடே சூரியன் போகும் பாதையும், சந்திரனை விட்டுப் பிரியாத ரோகிணியும் அதில் வரையப்பட்டிருக்கின்றன. அவள் ரோகிணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அந்த ராணிக்கு ராசிமண்டலத்திடம் கேட்க ஒரு பலனும் இல்லை. அவளுக்கு அது துணையோடு இருப்பவர்களின் படம். ராசிகள் தமிழ் இலக்கியத்தில் தலைகாட்டும் இடங்களில் இதைவிட மனதைத் தொடும் இடம் வேறு இல்லை.

ஒரே வீட்டுக்காரர், இரண்டு குடித்தனம்

ராசிக் குணம் சொல்வதற்குப் படம் மட்டும் போதாது. ராசி என்ற வீட்டுக்கு எந்தக் கிரகம் சொந்தக்காரர் என்றும் பார்க்க வேண்டும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஆளுக்கு ஒரு வீடு, சிம்மமும் கடகமும். மற்ற ஐந்து கிரகங்களுக்கும் இரண்டிரண்டு. ஜோதிடம் தெரியாத பாட்டிகளும் சொல்லும் குணங்களின் சூட்சுமம் இந்தப் பங்கீட்டில் இருக்கிறது.

சுக்கிரனை எடுத்துக்கொள்ளலாம். ரிஷபமும் துலாமும் அவர் வீடுகள். இரண்டு பேருக்கும் நல்ல துணி, நல்ல சாப்பாடு, நல்ல பாட்டு பிடிக்கும் என்பார்கள். ஆனால் இருவரையும் ஒரே ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போய்ப் பார்க்க வேண்டும். ரிஷபக்காரர் நுழைந்ததும் கண்ணில் பட்ட புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மாமியார் சொன்னாலும் மாற்ற மாட்டார், கடைக்காரர் தள்ளுபடி சொன்னாலும் மாற்ற மாட்டார். துலாம் ராசிக்காரருக்காக ஒரு அலமாரி முழுவதும் கீழே இறங்கும். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, நீ சொல்லு” என்று கூட வந்தவரைக் கேட்பார். அவர் ஒன்றைச் சொன்னால், “அப்ப இது நல்லா இல்லையா?” என்று மற்றதைக் காட்டுவார். பில் போட்டு, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, பீரோவில் வைத்த பிறகும், “அந்த மாம்பழக் கலரே எடுத்திருக்கலாமோ” என்பது ஓயாது.

செவ்வாயின் இரண்டு வீடுகள் மேஷமும் விருச்சிகமும். கோபம் பொது, அது வெளிவரும் விதம்தான் வேறு. மேஷக்காரர் கத்துவார், பாத்திரத்தை நங்கென்று வைப்பார், பத்து நிமிஷம் கழித்து “காபி குடிக்கிறியா” என்று கேட்பார். விருச்சிகக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த தை மாதம் சொல்வார். பன்னிரண்டில் அதிகமாகக் கெட்ட பெயர் சுமக்கும் ராசி இதுதான். சந்திரன் இங்கே நீசம், அதாவது பலமிழந்தது, என்பதும் சேர்ந்துகொள்ள, “தேள்தானே, கொட்டத்தான் செய்யும்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே ஜோதிட நூல்கள் விருச்சிகத்துக்குச் சொல்லும் மனவுறுதியையும் விசுவாசத்தையும் யாரும் பேச்சில் கொண்டுவருவதில்லை.

புதனின் பிள்ளைகள் இருவரையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். காலை ஐந்தரைக்கு வணக்கம் போட்டு, ஒன்பது மணிக்குள் பதினான்கு செய்திகளைப் பகிர்பவர் மிதுனம். அதில் மூன்றாவது செய்தி பொய், ஏழாவதில் எழுத்துப்பிழை, கோயில் கும்பாபிஷேகத் தேதி தப்பு என்று திருத்தம் போடுபவர் கன்னி. சனியின் இரண்டு குடித்தனக்காரர்களில் மகரம், விசேஷ வீட்டில் கடைசிப் பந்தி முடிகிற வரை நின்று வாடகைப் பாத்திரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகும். கும்பம் அந்த விசேஷமே எதற்கு என்று கேட்கும். குருவின் தனுசும் மீனமும் உபதேசம் செய்வதில் ஒன்று, செலவு செய்வதிலும் ஒன்று.

சந்திரனே வீட்டுக்காரராக இருக்கும் கடகம் தனி ரகம். நண்டுக்கு வளை, கடகக்காரருக்கு வீடு. பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தில் தன்னைப் பந்திக்கு அழைக்காதவர் யார், அன்றைக்கு அவர் கட்டியிருந்த வேட்டியின் கரை என்ன என்பது வரை ஞாபகம் இருக்கும். அந்த மனிதருக்கே காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் மிளகு ரசத்தோடு முதலில் போய் நிற்பதும் கடகம்தான். சிம்மத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கூட்டத்திலும் மைக் கடைசியில் யார் கையில் இருக்கிறதோ, அவர்.

படிக்கும்போதே, “இது அப்படியே எங்க அத்தை” என்று யாராவது ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். ராசிப் பேச்சு இத்தனை நூற்றாண்டு உயிரோடு இருப்பது இந்த ஒரு சுகத்தால். நேரடியாகச் சொன்னால் சண்டையாகிவிடும் உண்மைகளை, பழியைக் கிரகத்தின் மேல் போட்டுச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. “நீங்க எதையும் முடிவு பண்ண மாட்டீங்க” என்றால் கணவருக்குக் கோபம் வரும். “துலாம் இல்லையா, பாவம்” என்றால் அவரே ஆமாம் என்பார்.

குற்றமும் குணமும்

மேற்கில் ஜோதிடம் குணத்தின் பக்கம் சாய்ந்ததற்கு ஒரு போலீஸ் வழக்கும் காரணம். லண்டனைச் சேர்ந்த ஆலன் லியோ அந்நாளில் பெயர்பெற்ற ஜோதிடர். தியசாபிகல் சொசைட்டி உறுப்பினர் என்பதால், அந்த அமைப்பின் தலைமையகமான சென்னை அடையாறு அவருக்குப் பழக்கமான பெயர்தான். இங்கிலாந்தில் 1824-ம் ஆண்டுச் சட்டப்படி எதிர்காலம் சொல்லிக் காசு வாங்குவது அப்போது குற்றம். 1914-ல் அவர் மேல் போட்ட வழக்கு நிற்கவில்லை. 1917-ல் மறுபடி போட்டார்கள். தான் சொல்வது நடக்கப்போவதை அல்ல, மனிதரின் போக்கை மட்டுமே என்று அவர் வாதாடியும் அபராதம் விழுந்தது. அதே ஆண்டு இறந்தும்போனார். ஆனால் ‘என்ன நடக்கும்’ என்பதை விட்டு ‘நீ யார்’ என்பதைச் சொல்ல வேண்டும் என்று அவர் போட்ட பாதையில்தான் மேற்கத்திய ஜோதிடம் நடந்தது.

1930 ஆகஸ்டில் பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட் பிறந்தபோது, ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை ஆர்.எச். நெய்லர் என்ற ஜோதிடரைக் கொண்டு குழந்தையின் ஜாதகத்தை எழுதவைத்தது. வாசகர்களுக்குப் பிடித்துப்போகவே அவர் தொடர்ந்து எழுதினார். லட்சக்கணக்கான வாசகர்களுக்குத் தனித்தனியாக ஜாதகம் கணிக்க முடியுமா? தன் பிறந்த தேதியை மட்டும் அறிந்த வாசகரும் தன்னைக் கண்டுகொள்ள ஒரே வழி சூரிய ராசிதான். அந்தப் பத்தி எழுத்து உலகம் முழுக்கப் பரவியது. 1968-ல் அமெரிக்காவில் வந்த லிண்டா குட்மேனின் ‘சன் சைன்ஸ்’ புத்தகம் பன்னிரண்டு ராசிகளையும் ஆண், பெண், குழந்தை, முதலாளி, ஊழியர் என்று பிரித்து எழுதி விற்பனையில் சாதனை படைத்தது. இன்று ரீல்ஸில் ஓடும் ராசிக் கிண்டல்கள் பலவற்றின் பாட்டி அந்தப் புத்தகம்.

நம் ஊர் வார ராசிபலன் மட்டும் சந்திரனை விடவில்லை. அதனால்தான் “உன் சைன் என்ன?” என்று கேட்டால் இங்கே இளைஞர்கள், “வெஸ்டர்னா, நம்மளுதா?” என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே பலன்

அமெரிக்க உளவியல் பேராசிரியர் பெர்ட்ரம் ஃபோரர், 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை ஒன்று வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு தாளில் அவரவர் குணநலனைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலே காலைத் தாண்டியது. பிறகுதான் தெரிந்தது, 39 தாளிலும் ஒரே வாசகம். அதில் பெரும்பகுதியைப் பெட்டிக்கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து ஃபோரர் எடுத்திருந்தார். வெளியே உறுதியாகத் தெரிவீர்கள், உள்ளே கவலை உண்டு என்கிற மாதிரியான வரிகள். நம் ஊரில் இதைத் ‘தொட்டாச்சிணுங்கிதான், ஆனா பிடிவாதக்காரர்’ என்று சொல்வார்கள். யாருக்குத்தான் பொருந்தாது?

பிரான்ஸில் மிஷேல் கோக்லான் செய்தது இன்னும் துணிச்சலான சோதனை. இலவசமாக ஜாதகப் பலன் அனுப்புவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். எழுதிக் கேட்ட 150 பேருக்கும் ஒரே ஜாதகத்தின் பலனை அனுப்பினார். 94 சதவீதம் பேர், தங்களைப் படம் பிடித்ததுபோல இருக்கிறது என்றார்கள். அந்த ஜாதகம் மார்செல் பெத்தியோ என்பவருடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாரிஸில், தப்பிக்க வழி செய்வதாகச் சொல்லி அடைக்கலம் தேடி வந்தவர்களைக் கொன்று, 1946-ல் தலை வெட்டப்பட்ட டாக்டர் அவர்.

ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளரின் அனுபவம் வேறு மாதிரி. ஜெஃப் மேயோ என்ற ஜோதிடரோடு சேர்ந்து 2,324 பேரை ஆராய்ந்தபோது, ஜோதிடம் சொன்னபடியே மேஷம், மிதுனம், சிம்மம் என ஒற்றைப்படை ராசிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கலகலப்பாக இருந்தார்கள். 1978-ல் வெளியான இந்த முடிவு ஜோதிடர்களைக் கொண்டாட வைத்தது. ஐசெங்க் விடவில்லை. ராசிக் குணம் பற்றி ஒன்றும் அறியாதவர்களிடம் பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. தன் ராசியைப் படித்தவர்கள்தான் தங்களை அந்த ராசியாக விவரித்துக்கொள்கிறார்கள். “நீ சிம்மம்டா, பயப்படலாமா?” என்று கேட்டு வளர்கிற பையன் மேடை ஏறத்தான் செய்வான். அவனை ஏற்றியது அந்தப் பேச்சு.

இந்தியாவிலும் ஒரு சோதனை நடந்தது. வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் 2008-ல் மகாராஷ்டிரத்தில் நன்றாகப் படிக்கும் மாணவர்களின் ஜாதகங்களையும் மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து ஜோதிடர்களிடம் கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சரியாக வந்தது 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் பாதி தேறியிருக்கும்.

இத்தனை சோதனை எதற்கு, ஒரு தேதி போதும். செப்டம்பர் 17. பெரியார் பிறந்தது 1879-ல் அந்த நாளில், ஓவியர் எம்.எஃப். உசேன் 1915-ல், பிரதமர் மோடி 1950-ல், சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் 1986-ல். நால்வருமே மேற்கத்தியக் கணக்கில் கன்னி! ஆண்டு மாறுகிறதே என்பவர்களுக்கு 1809 பிப்ரவரி 12 இருக்கிறது. அன்று அமெரிக்காவில் ஒரு மரக்குடிசையில் ஆபிரகாம் லிங்கன் பிறந்தார், இங்கிலாந்தில் வசதியான டாக்டர் வீட்டில் சார்ல்ஸ் டார்வின் பிறந்தார்.

எதுகைக்காக ஒரு தலையெழுத்து

ராசியோடு நிற்காமல், தமிழில் பிறந்த நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சொலவடையும் உண்டு. மகத்தில் பிறந்தவர் ஜகத்தை ஆள்வார். பரணியில் பிறந்தவர் தரணி ஆள்வார். அவிட்டத்தில் பிறந்தால் தவிட்டுப் பானையிலும் பணம். கேட்டையில் பிறந்தவர் கோட்டை கட்டுவார். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும், மகம்–ஜகம், பரணி–தரணி, அவிட்டம்–தவிடு என்று எதுகைதான் இங்கே பலன் சொல்லியிருக்கிறது. கேட்கச் சுகம். ஆண்பிள்ளை பரணியில் பிறந்த வீட்டில் தாத்தா இதைச் சொல்லித் தொட்டிலை ஆட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதே எதுகைதான் ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்றும், ‘பூராடம் நூலாடாது’ என்றும் சொல்ல வைத்தது. ஓசைக்காக யாரோ கட்டிய ஒரு வரியால், மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாதவள் ஆனாள், ஆயில்யத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாதவள் ஆனாள், பூராடத்தில் பிறந்தவள் கழுத்தில் தாலி நிலைக்காது என்றானது. எத்தனை வீடுகளில் ஜாதகக் கட்டு பிரித்த வேகத்தில் மூடப்பட்டிருக்கிறது! படிப்பு, வேலை, குணம் எதையும் கேட்காமல் ஒரு பெண்ணை நிராகரிக்க மூன்று சீர் போதும் என்பது அநியாயம். இதை விளையாட்டில் சேர்க்கவே முடியாது. ஆண் மூலத்துக்கு ‘அரசாளும்’ என்று அதே சொலவடை சலுகை தருவதைப் பார்த்தாலே, இதைக் கட்டியது வானம் அல்ல என்று புரியும்.

நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானில் எண்ணிக்கையோடு சாட்சி இருக்கிறது. அங்கே 60 ஆண்டுக்கு ஒருமுறை ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு வரும். அதில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனுக்கு ஆகாதவள் என்று நம்பிக்கை. 1965-ல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 18.2 லட்சம். நெருப்புக் குதிரை ஆண்டான 1966-ல் அது 13.6 லட்சமாக விழுந்தது. மறு ஆண்டே 19.4 லட்சத்துக்கு ஏறிவிட்டது. ஒரு ராசிக்குப் பயந்து ஒரு நாடே ஓராண்டு பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டது. அந்த 60 ஆண்டுச் சுற்றில் அடுத்த முறை 2026.

மூலம் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒரு பெயர் உண்டு. 1882 டிசம்பர் 11-ம் தேதி எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதியின் நட்சத்திரம் மூலம், ராசி தனுசு. புதிய ஆத்திசூடியில் ஜோதிடத்தை இகழச் சொன்னவர் அவர். வானநூல் பழகச் சொன்னதும் அதே ஆத்திசூடியில்தான்.

பாதிப் பேருக்குச் சனி

தினசரி கிழிக்கும் காலண்டர் தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒரு சொல் பலன் இருக்கும். லாபம், பயம், சுகம், செலவு, பகை, பரிசு. உலகத்திலேயே சுருக்கமான ஜோதிட இலக்கியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்திலேயே அன்றைக்கு யாருக்குச் சந்திராஷ்டமம் என்பதும் இருக்கும். ஜன்ம ராசிக்கு எட்டில் சந்திரன் வரும் அந்த இரண்டேகால் நாளில் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது என்பார்கள். அலுவலகத்தில் யாராவது எரிந்து விழுந்தால், “விடுப்பா, அவருக்குச் சந்திராஷ்டமம்” என்று மன்னித்துவிடுவதும் உண்டு. மாதம் ஒருமுறை எல்லோருக்கும் சட்டபூர்வமாகக் கோபப்பட ஒரு வாய்ப்பு! எந்த நாளை எடுத்தாலும் ஊரில் பன்னிரண்டில் ஒருவர் இந்த நிலையில்தான் இருப்பார்.

சனியின் கணக்கு இன்னும் தாராளம். சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29½ ஆண்டு எடுக்கும் கிரகம், ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டு தங்கும். முந்தைய ராசி, ஜன்ம ராசி, அடுத்த ராசி என மூன்றும் சேர்ந்தால் ஏழரை. ஆக எப்போதும் மூன்று ராசிக்கு ஏழரைச் சனி. அதோடு நாலாமிடத்துக்கு அர்த்தாஷ்டமம், ஏழுக்குக் கண்டகம், எட்டுக்கு அஷ்டமம். கூட்டினால் ஆறு. எந்த நேரத்திலும் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குச் சனி சரியில்லை. “எனக்கு மட்டும் ஏன்?” என்று புலம்புகிறவருக்குப் பக்கத்து இருக்கைக்காரரும் துணை இருக்கிறார்.

அந்தச் சனி எப்போது நகர்ந்தது என்பதிலும் இரண்டு கட்சி. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச். திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியம் என்பதால் 2025-ல் அங்கே பெயர்ச்சி விழா இல்லை. இடைப்பட்ட அந்த ஓராண்டில் மகர ராசிக்காரருக்கு ஏழரை முடிந்ததா, முடியவில்லையா என்பதும், மேஷ ராசிக்காரருக்குத் தொடங்கியதா, இல்லையா என்பதும் சுவரில் மாட்டியிருக்கும் பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. மனைவி மகரம், கணவர் மேஷம் என்று அமைந்த வீட்டில், “திருக்கணிதம்தாங்க சயின்ஸ்” என்று மனைவி சொல்ல, “எங்கப்பா காலத்துலேருந்து இந்த வீட்டுல வாக்கியம்தானே” என்று கணவர் சொல்ல, மேஷமும் மகரமும் அவரவர் குணப்படி ஒரு வருஷம் வாதாடியிருப்பார்கள்.